முடிவு பிடிக்கவில்லை என்று எழுதுவதற்கு முன்: ஒரு தொடரின் திருப்பங்களை எடைபோடும் முறை

2019 மே 20, திங்கட்கிழமை காலை 6:30 மணிக்கு, ஒரு சிம்மாசனத்துக்காகப் பல குடும்பங்கள் மோதும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற அமெரிக்கக் கற்பனைத் தொடரின் 73-ஆவது எபிசோடு, அதாவது இறுதி எபிசோடு, இந்தியாவில் ஹாட்ஸ்டாரில் வெளியானது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது ஞாயிறு இரவு 9 மணி. எட்டு ஆண்டுகள் கூடவே வந்த கதை என்பதால், வேலைக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். எட்டரை மணிக்கெல்லாம் எங்கள் நண்பர்கள் குழுவில் செய்திகள் வந்து குவிந்துவிட்டன. 'கெடுத்துவிட்டார்கள்', 'ஏமாற்றிவிட்டார்கள்', 'எட்டு வருடம் வீண்' என்பவற்றையே மாற்றி மாற்றி எழுதினோமே தவிர, எந்தக் காட்சியில் கெட்டது, எதனால் கெட்டது என்று எங்களில் ஒருவரும் எழுதவில்லை. எங்கள் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்தின் காரணத்தைத் தேடிச் சொல்லும் பழக்கம்தான் எங்களிடம் இல்லை.

அந்தப் பழக்கத்தை அதன்பின் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். ஒரு கற்பனைத் தொடரின் திருப்பமோ முடிவோ மனத்தை அலைக்கழிக்கும்போது, அதை எப்படி ஆற அமர எடைபோட்டு, மற்றவர் படித்துப் பயன்பெறும்படி எழுதுவது என்பதை இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாமே அந்த ஒரே தொடரிலிருந்து எடுத்தவை. யார் சாகிறார்கள், யார் முடிசூடுகிறார்கள் என்பது அத்தனையும் வெளிப்படையாக வரும் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்து முடித்தபின் இதைப் படிப்பது நல்லது.

பார்த்த அன்றே எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள்

எபிசோடு முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போதே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்சியில் மூச்சு நின்றது, அந்த நொடிக்குச் சற்று முன்னால் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், எந்தக் காட்சியில் கவனம் கலைந்து நேரம் பார்த்தீர்கள் என்பவற்றை நான்கைந்து வரிகளில் குறித்து வையுங்கள். இதை மற்றவர்களின் கருத்தைப் படிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒரு முறை வேறொருவரின் கூர்மையான வாக்கியத்தைப் படித்துவிட்டால், அதற்குப் பிறகு நம் மனத்தில் இருந்தது எது, அவர் எழுதியது எது என்று பிரித்தறிவது கடினம்.

அன்று காலை நான் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தது இன்னும் இருக்கிறது: "ட்ரோகன் சிம்மாசனத்தை உருக்கியபோது அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை." (ட்ரோகன் என்பது அந்தச் சிம்மாசனத்துக்காகப் போராடிய டெனேரிஸின் டிராகன்.) அதற்கு அரை மணி நேரம் கழித்து, நண்பர்களின் செய்திகளைப் படித்துவிட்டுக் குழுவில் எழுதியது 'எட்டு வருடம் வீண்' என்பது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். வீணாய்ப் போன ஒரு கதைக்காக யாரும் அழுவதில்லை என்பதை அந்த டைரி வரிதான் பின்னாளில் எனக்குச் சொன்னது. தொடரை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்ததும் அதுதான்.

எழுதியதை இரண்டு நாளாவது அப்படியே வைத்திருங்கள். அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

விதையைத் தேடுவது

நல்ல திருப்பம் என்பது வந்து விழும்போது நம்ப முடியாததாகவும், திரும்பிப் பார்க்கும்போது வேறெப்படியும் நடந்திருக்க முடியாததாகவும் இருக்கும். முதலாவதை எந்தக் கதையாலும் செய்துவிட முடியும். எதிர்பாராத நேரத்தில் யாரையாவது கொன்றால் போதும். இரண்டாவதற்குத்தான் எழுத்தாளர் முன்கூட்டியே விதைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு திருப்பத்தை எடைபோட வேண்டுமானால், அந்த எபிசோடை மட்டும் மறுபடி பார்ப்பது போதாது. அதற்கு முந்தைய எபிசோடுகளில் அதற்கான விதை எங்கே விழுந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும். ஒரு திருப்பத்துக்கு மூன்று விதைகளையாவது எபிசோடு எண்ணுடன் உங்களால் எழுதிக் காட்ட முடிந்தால், அது கதைக்குள்ளிருந்து முளைத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

ரசிகர்கள் 'ரெட் வெட்டிங்' (சிவப்புத் திருமணம்) என்று அழைக்கும், 2013 ஜூன் 2 அன்று வந்த மூன்றாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடு இதற்கு மிகச் சிறந்த பயிற்சி. வடக்கின் அரசன் ராப் ஸ்டார்க்கும் அவன் தாய் கேட்லினும் திருமண விருந்தில் கொல்லப்படும் அந்தக் காட்சியைப் பார்த்து உலகம் முழுவதும் மக்கள் அலறினார்கள். தொடருக்கு மூலமான நூல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூன்றாவது நூல் 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்ததால், அதைப் படித்தவர்கள் பதின்மூன்று ஆண்டுகளாக இந்த நாளுக்காகக் காத்திருந்து, தொடரை மட்டும் பார்க்கும் தங்கள் நண்பர்களின் முகங்களை ரகசியமாகப் படம்பிடித்து வெளியிட்டார்கள். அந்த வீடியோக்களில் தெரிவது அதிர்ச்சி. விதைகளைத் தேடினால் தெரிவது வேறு.

ஆற்றுப் பாலத்தைத் தன் வசம் வைத்திருக்கும் வால்டர் ஃப்ரே பிரபுவின் மகள் ஒருத்தியை மணப்பதாக ராப் சார்பில் வாக்குக் கொடுக்கப்படுவது முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில். அதே எபிசோடின் முடிவில்தான் ராபின் தந்தை நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்படுகிறது. அந்த வெட்டின் அதிர்ச்சியில், ஆற்றைக் கடப்பதற்காகக் கொடுத்த அந்தச் சிறிய வாக்கைப் பார்வையாளர்கள் அத்தனை பேரும் மறந்துபோனார்கள். இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் ராப் அந்த வாக்கை மீறித் தாலிசாவை மணக்கிறான். மூன்றாம் சீசனின் ஐந்தாவது எபிசோடில் தன் பக்கம் நின்ற கார்ஸ்டார்க் பிரபுவின் தலையை வெட்டி, அவருடைய படையை இழந்து, எந்த ஃப்ரேயை அவமதித்தானோ அவனிடமே உதவி கேட்டுப் போகும் நிலைக்கு வருகிறான். எட்டாவது எபிசோடில், வேறொரு திருமணத்தில், ராபின் எதிரிக் குடும்பத்தைச் சேர்ந்த செர்சி லானிஸ்டர், காஸ்டமேரின் ரெய்ன் குடும்பத்தை லானிஸ்டர்கள் எப்படி அழித்தார்கள் என்பதையும் அதைப் பற்றிய பாட்டையும் தன் வருங்கால மருமகள் மார்ஜரியிடம் விளக்குகிறாள். அடுத்த எபிசோடில், விருந்து மண்டபத்தின் கதவுகள் சாத்தப்பட்டதும் மாடத்திலிருக்கும் இசைக் கலைஞர்கள் வாசிக்கத் தொடங்குவது அதே பாட்டு. கேட்லின் தலை நிமிர்கிறாள். பக்கத்தில் அமர்ந்திருக்கும், ராபின் படைத்தலைவர்களில் ஒருவனான ரூஸ் போல்ட்டனின் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்க்கிறாள். துணிக்கு அடியில் இரும்பு வளையக் கவசம். கல்யாண விருந்துக்கு வந்தவன் கவசம் போட்டிருக்கிறான் என்ற அந்த ஒரு செய்தியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு வாள் உருவப்படுவதற்கு முன்பே திருப்பம் நடந்துவிட்டது என்பதை இந்தக் காட்சியை மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

இந்தத் திருப்பம் ஏன் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு இன்னொரு விதையும் உண்டு. விருந்தினர்கள் வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுக்கப்படுகின்றன. அதை உண்டவருக்கு அந்த வீட்டில் தீங்கு நேரக் கூடாது என்பது அந்த உலகின் அறம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பழமொழி உண்டவனின் கடமையைச் சொல்கிறது; அங்கே உப்பிட்டவனே கழுத்தை அறுக்கிறான். மார்ட்டின் இதற்கு ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்: 1440-இல் எடின்பரோ கோட்டை விருந்துக்கு அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபுவும் அவன் தம்பியும் கொல்லப்பட்டது ஒன்று, 1692 பிப்ரவரியில் க்ளென்கோவில், ஏறத்தாழ இரண்டு வாரம் மெக்டொனால்டு குடியினரின் வீடுகளில் தங்கி உண்ட படைவீரர்கள் அவர்களையே கொன்றது மற்றொன்று. ஒரு கற்பனைத் தொடரின் திருப்பத்தைப் பற்றி எழுதும்போது இப்படி அந்தக் கதை எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால், படிப்பவருக்கு அது பெரிய உதவி.

விதை தேடும்போது ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு செயல் 'எப்படி' நடந்தது என்பதற்கான விதையும், 'ஏன் இவர் கையால்' நடந்தது என்பதற்கான விதையும் ஒன்றல்ல. எட்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடில் ராபின் தங்கை ஆர்யா, இறந்தவர்களின் படைக்குத் தலைவனான நைட் கிங்கைக் கொல்லும்போது, இடக் கையிலிருந்த குத்துவாளை நழுவவிட்டு மறு கையால் பிடித்துக் குத்துகிறாள். ஏழாம் சீசனின் நான்காவது எபிசோடில், ஸ்டார்க் குடும்பத்தின் கோட்டையான விண்டர்ஃபெல் முற்றத்தில் ப்ரியென் என்ற வீராங்கனையுடன் பயிற்சிச் சண்டை போடும்போது அதே கைமாற்று வித்தையை அவள் செய்து காட்டியிருக்கிறாள். அந்தக் குத்துவாளை அவள் தம்பி ப்ரான் அவளிடம் கொடுத்ததும் அதே எபிசோடில்தான். எப்படி என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான விதை கிடையாது. ஆனால் ஐந்தாம் சீசனிலிருந்தே நைட் கிங்கோடு முகத்துக்கு முகம் நின்றவன், ஸ்டார்க் வீட்டில் வளர்ந்த ஜான் ஸ்நோ. அவன் இறந்து உயிர்த்தெழுந்ததற்கே அதுதான் காரணம் என்று கதை நம்மை எண்ண வைத்திருந்தது. ஏன் ஆர்யா என்ற கேள்விக்கு மூன்றாம் சீசனில் மெலிசாண்ட்ரே என்ற பெண் பூசாரி ஆர்யாவுடைய எதிர்காலத்தில் மூடவிருக்கும் கண்களைப் பற்றிச் சொன்னதைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சியைப் பாராட்டியவர்களும் திட்டியவர்களும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அந்த வாதம் முடியவே இல்லை.

முடிவு, காரணம், அவகாசம்

இனி மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். 2019 மே 12 அன்று வந்த எட்டாம் சீசனின் ஐந்தாவது எபிசோடில், சரணடைந்துவிட்ட தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கை, தன் தந்தை இழந்த சிம்மாசனத்தைக் கேட்டு வந்த டெனேரிஸ் தன் டிராகனால் எரிக்கிறாள். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தது இங்கேதான். இப்படிப்பட்ட ஒரு முடிவைப் பற்றி எழுத உட்காரும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நடந்தது என்ன, அதற்குக் காரணம் கதையில் இருக்கிறதா, அந்தக் காரணம் வளர்வதற்குப் போதிய அவகாசம் கொடுக்கப்பட்டதா. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பதில் சொல்ல முயல்வதால்தான் 'கெடுத்துவிட்டார்கள்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

காரணத்துக்கான தாளை நிரப்புவது கடினமல்ல. முதல் சீசனில் அண்ணன் தலையில் உருக்கிய தங்கம் ஊற்றப்படுவதை அவள் கண் இமைக்காமல் பார்க்கிறாள். இரண்டாம் சீசனில் கார்த் நகரத்தின் வாசலில் நின்று, தன் டிராகன்கள் வளர்ந்ததும் நகரங்களை எரிப்பேன் என்று மிரட்டுகிறாள். நான்காம் சீசனில் மீரீனின் எஜமானர்கள் 163 பேரைச் சிலுவையில் அறைகிறாள்; ஏழாம் சீசனில் மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் எரிக்கிறாள். அவளுடைய தந்தை இதே நகரத்தை எரிக்க உத்தரவிட்டதை மூன்றாம் சீசனில் அவரைக் கொன்ற ஜேமி குளியல் தொட்டியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்.

இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. உங்கள் முடிவுக்கு எதிரான மிக வலுவான சான்றையும் அதே தாளில் எழுத வேண்டும். அதை எழுதாத விமரிசனத்தை நான் நம்புவதில்லை. நான்காம் சீசனின் கடைசி எபிசோடில் ஓர் ஏழைத் தகப்பன் ஒரு துணி மூட்டையோடு டெனேரிஸின் முன் வருகிறான். மூட்டையைப் பிரித்தால் உள்ளே கரிந்த சின்னஞ்சிறு எலும்புகள். ட்ரோகனின் நெருப்பில் இறந்த மூன்று வயது மகள். ட்ரோகன் கைக்குச் சிக்கவில்லை என்பதால், மற்ற இரண்டு டிராகன்களையும் அவளே நிலவறைக்குள் அழைத்துப் போய்ச் சங்கிலியில் பிணைக்கிறாள். வெளியே வரும்போது, பின்னாலிருந்து அவை கத்துவதைக் கேட்டு அவள் அழுதுகொண்டே நடக்கிறாள். ஒரே ஒரு குழந்தைக்காகத் தன் பிள்ளைகள் என்று நினைத்தவற்றைப் பூட்டிவைத்தவள், ஆயிரக்கணக்கான குழந்தைகள் இருக்கும் நகரத்தை எரித்தாள் என்றால், அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நாம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தார்கள் என்பதுதான் மூன்றாவது தாள். ஜான் ஸ்நோதான் சிம்மாசனத்தின் முறையான வாரிசு என்று அவளுக்குத் தெரிவது எட்டாம் சீசனின் இரண்டாவது எபிசோடின் இறுதியில். அவளுடைய நம்பிக்கைக்குரிய வீரன் ஜோரா இறப்பது மூன்றாவதில். ஒரு டிராகனையும் தோழி மிசாண்டேயையும் இழப்பது நான்காவதில். ஆலோசகன் வேரிஸின் துரோகமும், அவன் எரிக்கப்படுவதும், நகரம் எரிவதும் ஐந்தாவதில். முதல் ஆறு சீசன்கள் தலா பத்து எபிசோடுகள். ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. முதல் எபிசோடில் அரசன் ராபர்ட்டின் பரிவாரம் தலைநகரிலிருந்து விண்டர்ஃபெல்லுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனதாகச் செர்சி சொல்கிறாள்; ஏழாம் சீசனில் வடக்கு எல்லையின் பனிச் சுவருக்கு அப்பால் சிக்கியவர்களின் செய்தி பறவையின் காலில் டெனேரிஸின் தீவுக் கோட்டையான டிராகன்ஸ்டோனுக்குப் போய், டெனேரிஸ் பறந்து வந்து காப்பாற்றுவது அத்தனையும் ஒரே எபிசோடுக்குள் அடங்கிவிடுகிறது. கதையின் காலடி வேகமே மாறிவிட்டது. பயண தூரம் குறைந்ததை எல்லோரும் கேலி செய்தார்கள். மனத்தின் பயணமும் அதே அளவுக்குக் குறுக்கப்பட்டது என்பதே எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

சரணடைந்ததைக் காட்டும் நகரத்தின் மணிகள் ஒலிக்கும்போது கேமரா டிராகனின் முதுகில் இருக்கும் அவள் முகத்தில் நிற்கிறது. உதடு நடுங்குகிறது, கண் கோட்டையை நோக்கிப் போகிறது, டிராகன் எழும்புகிறது. அதன்பின் அந்த எபிசோடு அவள் முகத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கி, ஆர்யாவோடும் ஓடிச் சாகும் மக்களோடும் போய்விடுகிறது. எரிக்கப்படுகிறவர்களின் பக்கம் நின்று காட்டியது துணிச்சலான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் நான்கு எபிசோடுகளின் சுமையையும் அந்தச் சில நொடி முகமே தாங்க வேண்டியிருந்தது. டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க் அதைத் தாங்கினார், எழுத்து தாங்கவில்லை. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: முடிவு சரியானது, காரணம் இருந்தது, அவகாசம் போதவில்லை. உங்களுக்கு வேறு விடை வரலாம். அந்த மூன்றில் எதில் குறை என்பதைச் சொல்லிவிட்டால், மாறுபடுகிறவரோடும் உங்களால் பேச முடியும்.

கதைக்கு வெளியே தயாரிப்பாளர்கள் சொல்லும் விளக்கத்தை எந்தத் தாளிலும் சேர்க்காதீர்கள். எட்டாம் சீசனின் நான்காவது எபிசோடில், செர்சியின் பக்கம் சேர்ந்த யூரானின் கப்பல்கள் டிராகனை வீழ்த்தியதற்கு, டெனேரிஸ் அந்தக் கப்பற்படையைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டாள் என்ற பொருள்பட, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பெனியாஃப் விளக்கம் சொன்னார். அதே எபிசோடின் போர் ஆலோசனையிலேயே அந்தக் கப்பற்படை பேசப்படுகிறது. திரையில் இருப்பது மட்டுமே சான்று. அது தயாரிப்பாளருக்குச் சாதகமானாலும் பாதகமானாலும்.

ப்ரான் அரசனானதை என்ன செய்வது

இதே முறையில் கடைசித் திருப்பத்தையும் சோதித்துப் பாருங்கள். அங்கே வேறு விதமான குறை அகப்படும். முதல் எபிசோடின் இறுதியில் ஜன்னலிலிருந்து தள்ளிவிடப்படும் சிறுவன் ப்ரான். முதல் நூலிலும் முன்னுரைக்கு அடுத்த அத்தியாயமே அவனுடையதுதான். ஆகவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு கோடு போட்டுவிடலாம். ஆனால் ஐந்தாம் சீசன் முழுவதும் அவன் ஒரு காட்சியில்கூட இல்லை. ஏழாம் சீசனில் தன் அக்கா சான்சாவிடம், தன்னால் இனி எதற்கும் பிரபுவாக இருக்க முடியாது என்கிறான். இறுதி எபிசோடில் அரசனாகச் சம்மதமா என்று செர்சியின் தம்பி டிரியன் கேட்கும்போது, வேறெதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்ற பொருளில் பதில் சொல்கிறான். ஒன்று முதல் பேச்சு பொய்யாக இருக்க வேண்டும், அல்லது நடுவே அவன் மாறியிருக்க வேண்டும். இரண்டில் எதையும் தொடர் காட்டவில்லை. டெனேரிஸுக்கு விதை ஏராளம், வளர நாளில்லை. ப்ரானுக்கு நாள் ஏராளமாக இருந்தது, விதை தூவப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு குறைகள் என்று பிரித்து எழுதும்போதே உங்கள் எழுத்துக்கு ஒரு எடை வந்துவிடும்.

எவற்றை விட்டுவிடலாம்

எட்டாம் சீசனின் நான்காவது எபிசோடில், விண்டர்ஃபெல் விருந்து மேசையில் டெனேரிஸின் முன்னே ஒரு காபிக் கோப்பை மறதியாக விடப்பட்டிருந்தது. தொடரை ஒளிபரப்பிய ஹெச்பிஓ ஓரிரு நாளில் அதை டிஜிட்டலாக அழித்துவிட்டது. சிரித்துவிட்டுப் போகலாம். கதையைப் பற்றிய வாதத்தில் அதைச் சேர்த்தால், வலுவான உங்கள் மற்ற வாதங்களும் அதோடு சேர்ந்து இளைத்துவிடும்.

மூன்றாவது எபிசோடு கண்ணுக்கே தெரியாத அளவு இருட்டாக இருந்தது என்ற குறையைத் தனியாக வையுங்கள். 82 நிமிடம் ஓடும் அந்த எபிசோடின் போர்க் காட்சிகளுக்காக 55 இரவுகள் படப்பிடிப்பு நடந்தது. மறுபடி பார்ப்பதானால் அறையின் விளக்குகளை அணைத்து, டிவியில் மின்சாரம் சேமிக்கும் அமைப்பை நிறுத்தி, சினிமா அல்லது மூவி என்று இருக்கும் பட அமைப்புக்கு மாற்றி, இணைய வேகம் நன்றாக இருக்கும் நேரத்தில் பாருங்கள். அதன்பின்னும் தெரியாதது எதுவோ அதை மட்டும் குறையாக எழுதுங்கள்.

நடிகர்கள் மேல் ஒரு சொல்லும் விழக் கூடாது. அந்த சீசன் எம்மி விருதுகளுக்கு 32 பரிந்துரைகள் பெற்று, சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 விருதுகளை வென்றது. எட்டாம் சீசனைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்க வேண்டும் என்ற இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதும் அதே ஆண்டில்தான். விருதைக் காட்டி ரசிகனின் வலியை மறுக்கவும் முடியாது, கையெழுத்தின் எண்ணிக்கையைக் காட்டி விமரிசனம் எழுதிவிட்டதாகவும் கொள்ள முடியாது. கையெழுத்துப் போட்டவர்களின் துயரத்தை நான் அறிவேன். ஆனால் பிடிக்காத முடிவைத் திரும்ப எழுதித் தரும்படி கேட்பதற்கும், இந்த முடிவு எந்த இடத்தில் தவறியது என்று காட்டுவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

இன்னும் சிலரை நினைவில் வைத்து எழுதுங்கள். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு டெனேரிஸின் பட்டப்பெயரான கலீசி என்ற பெயர் சூட்டப்பட்டது. அடிமைச் சங்கிலியை உடைத்த ஒரு பெண்ணின் பெயராக அதை அந்தப் பெற்றோர் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவர்கள் பார்த்த கதையில் அவள் அப்படித்தான் இருந்தாள். 'அவள் பைத்தியக்காரி என்று அப்போதே தெரியவில்லையா' என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை.

பார்க்காதவரைக் காப்பது

ஸ்பாய்லர் எச்சரிக்கையை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாட்ஸப் செய்தியின் முதல் வரிகள் பூட்டிய போன் திரையிலேயே தெரியும். என் தோழி ஒருத்தி இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து பார்க்கக் காத்திருந்தபோது, குழுவில் எச்சரிக்கைக்கு அடுத்த வரியிலேயே யாரோ 'ஜான் டெனேரிஸைக் குத்திவிட்டான்' என்று எழுதியிருந்ததைப் பேருந்தில் பார்த்துவிட்டாள். எட்டு ஆண்டு காத்திருந்தவளுக்கு அந்தக் காட்சி முதல் முறையாக ஒரு பேருந்து இருக்கையில் நடந்து முடிந்துவிட்டது. அதை யாராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே குழுவில் தொடரின் பெயர், எபிசோடு எண், எச்சரிக்கை ஆகியவற்றை மட்டும் ஒரு செய்தியாக அனுப்பிவிட்டு, கருத்தைத் தனிக் குழுவிலோ இணைப்பாகவோ கொடுங்கள். கட்டுரையின் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் முடிவு தெரியக் கூடாது. வாராவாரம் வரும் தொடரானால் ஒரு வாரமாவது பொறுத்திருங்கள்.

நூலைப் படித்தவர்களுக்கு இன்னும் அதிகப் பொறுப்பு உண்டு. 2022 ஆகஸ்டில் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடருக்கு அடிப்படையான நூல் 2018-இலேயே வந்துவிட்டதால், அதில் யார் எப்படிச் சாவார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். 2013-இல் நூல் வாசகர்கள் பதின்மூன்று ஆண்டு ரகசியத்தைக் காத்ததால்தான் அந்தத் திருமண விருந்து அத்தனை பேரை ஒரே இரவில் உலுக்கியது. அதே வேளையில், முந்தைய தொடரின் இறுதியைப் பற்றிப் பேசும்போது 'நூலில் வேறு மாதிரி' என்று எழுதாதீர்கள். ஐந்தாவது நூல் வந்தது 2011-இல். அந்த முடிவு ஒளிபரப்பானபோது அதற்குரிய நூல் எதுவும் வெளிவந்திருக்கவில்லை.

எழுத உட்காரும்போது

இத்தனையும் கையில் இருக்கும்போது கட்டுரையை ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள், தீர்ப்பிலிருந்து தொடங்காதீர்கள். முதல் நாள் குறிப்பில் உங்களை அசைத்தது என்று எழுதிய காட்சியே பெரும்பாலும் சரியான தொடக்கமாக அமையும். எனக்கு அது ட்ரோகன் சிம்மாசனத்தை உருக்கிய காட்சி. அதன் விதையைத் தேடிப் போனபோது, இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் டெனேரிஸ் காணும் மாயக் காட்சி கிடைத்தது. கூரை இடிந்த சிம்மாசன மண்டபத்தில் பனி போன்ற ஏதோ பொழிகிறது. அவள் நடந்து போய்ச் சிம்மாசனத்தைத் தொடக் கை நீட்டுகிறாள். தொடுவதற்கு முன் தன் டிராகன்களின் குரல் கேட்டுத் திரும்பிவிடுகிறாள். ஏழு ஆண்டுகள் கழித்து, இறுதி எபிசோடில், அதே இடிந்த மண்டபத்தில் நின்று சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தொடுகிறாள். பொழிவது பனி அல்ல, அவள் எரித்த நகரத்தின் சாம்பல். இந்த முறை திருப்பி அழைக்க எந்தக் குரலும் இல்லை. அவள் அதில் ஒரு முறைகூட உட்காரவில்லை. அன்று காலை ஏன் அழுதேன் என்பது இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த எபிசோடைப் பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரை இந்தக் கைப்பிடியிலிருந்துதான் தொடங்கியது. அவகாசம் போதவில்லை என்ற குறையையும் அதற்குப் பின்னால்தான் எழுதினேன்.

நீங்கள் பயிற்சிக்கு ஒன்றை எடுத்துக்கொள்வதானால், தொடரின் முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் ஒரே இரவில் பாருங்கள். முதலாவதில் மூன்று காவலர்கள் சுவரின் அடியில் இருக்கும் சுரங்க வாயில் வழியாகப் பனிக் காட்டுக்குள் குதிரையில் போகிறார்கள். கடைசியில் ஜான் ஸ்நோ அதே சுவரைத் தாண்டிக் காட்டு மக்களோடு போகிறான்; பின்னால் வாயில் மூடுகிறது; பனிக்கு நடுவே ஒரு பச்சைத் தளிர் எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே என்ன மாறியிருக்கிறது, என்ன மாறவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் வரக் கூடாது.